கிங்ஸ்ரன் இராணுவக் கல்லூரியிலை ஆங்கில இலக்கியம்: படிச்ச ஆக்கள் இருந்தால் சொல்லுங்கோ

கோண்டாவில் ரீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். 31 வருசம் ஆங்கிலம் படிப்பிச்சு ஓய்வெடுத்த ஆசிரியை நான். கனடாவிலை இருக்கிற என்ர மகளின்ர மூத்தவளுக்கு கிங்ஸ்ரன் றோயல் மிலிற்றறி கொலிஜிலை இடம் கிடைச்சிருக்கு. எடுக்கிற பாடம் ஆங்கில இலக்கியம். போன சனிக்கிழமை வட்ஸ்அப்பிலை எடுத்து, "அம்மம்மா, நான் உங்கட பாடம்தான் படிக்கப்போறன்" எண்டாள். எனக்குக் கண் கலங்கிப்போச்சு. "எந்தக் கம்பசிலை பிள்ளை?" எண்டு கேட்டன். சொன்னாள். அதுக்குப் பிறகு எனக்குக் கதை வரேல்லை. லைன் கட்டாயிட்டுதெண்டு நினைச்சு அவள் "ஹலோ அம்மம்மா, ஹலோ" எண்டு கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆமி எண்ட சொல்லு இங்கை எங்களுக்கு என்னெண்டு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அது வேற நாடு, வேற படை. புத்திக்கு விளங்குது, நெஞ்சு கேக்குதில்லை. எண்டாலும் போகாதை எண்டு சொல்ல எனக்கு மனமில்லை. தாய் தேப்பன் மறிச்சுப் பாத்தும் அவள்தான் பிடிச்ச பிடியிலை நிண்டு எடுத்தவள்.

நான் கேக்க வந்தது பாடத்தைப் பற்றி. இலக்கியம் படிக்கிறதெண்டால் ஒரு வரியை எடுத்து வைச்சுக்கொண்டு, இவர் ஏன் இப்பிடிச் சொல்லுறார், இது சரியோ, எனக்கு ஏன் ஒத்துவரேல்லை எண்டு மல்லுக்கட்டுறது. வகுப்பிலை முதல் நாளே நான் சொல்லிப்போடுவன்: "நான் சொல்லுறதை எழுதாதேங்கோ, கவிதை சொல்லுறதைப் பாத்து எழுதுங்கோ." சொன்னதைச் செய் எண்டு பழக்கிற இடத்திலை இந்தப் பாடத்தை முழுசாப் படிப்பிப்பினமோ, இல்லாட்டி கடிதமும் அறிக்கையும் எழுதப் பழக்கிறதுக்கு இலக்கியம் எண்டு பேர் வைச்சிருக்கினமோ? முதலாம் உலகப்போர்க் கவிஞர் வில்பிரட் ஓவனைப் படிப்பிப்பினமோ?

ஓவனை ஏன் கேக்கிறன் எண்டால், 1993, 94 இலை என்னட்டை உயர்தரத்துக்கு ஆங்கில இலக்கியம் எடுத்தது நாலே நாலு பிள்ளையள். கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் போத்தல் கணக்கிலை, அதுவும் யானை விலை. போட்டோக்கொப்பி எண்ட கதைக்கே இடமில்லை. என்னட்டை இருந்தது ஒரேயொரு கவிதைத் தொகுப்பு. கிழமைக்கு ஒருத்தராக அதை வீட்டை கொண்டுபோய் ஜாம் போத்தல் விளக்கிலை சீஆர் கொப்பியிலை பாத்தெழுத வேணும். போத்தலின்ர அடியிலை கொஞ்சப் பஞ்சு, அது குடிக்கிற அளவு எண்ணெய், மேலை ஒரு நூல்திரி. அந்த வெளிச்சம் ஒரு நேரத்திலை ரண்டு வரிக்குத்தான் காணும். பிள்ளையள் விளக்கை வரி வரியாக் கீழை நகர்த்தி நகர்த்தி எழுதுவினம்.

ஓவன்ர நஞ்சுப்புகைக் கவிதையை அப்பிடி எழுதின ஒருத்தி, பச்சை வெளிச்சத்துக்குள்ளாலை ஒருத்தன் மூச்சுத் திணறுறதைக் கண்டன் எண்டு வாற வரிக்குப் பக்கத்திலை பென்சிலாலை ஒரு கேள்வி எழுதி வைச்சிருந்தாள்: "மிஸ், அப்ப சொல்லுறவர் தன்ர முகமூடியைப் போட்டிட்டார் என்ன? தான் தப்பினாப் பிறகுதான் மற்றவனைப் பாக்கிறார் என்ன?" அதுவரைக்கும் எத்தினையோ தரம் அந்தக் கவிதையைப் படிப்பிச்சிருப்பன். அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலை நிக்கிற ஆளை நான் யோசிச்சுப் பாத்ததில்லை. அண்டைக்கு ரண்டு பாடவேளையும் அந்தக் கேள்வியோடைதான் போச்சுது. ஓவன் தானே ஒரு அதிகாரி. 1917 இலை மனம் உடைஞ்சு எடின்பரோவிலை ஆஸ்பத்திரியிலை இருந்திட்டு, திரும்பவும் போர்முனைக்குப் போனவர். 1918 நவம்பர் 4 ஆம் திகதி, 25 வயசிலை, சண்டை முடிய ஒரு கிழமை கிடக்கச் செத்தார். தாய்க்குத் தந்தி வந்து சேர்ந்தது 11 ஆம் திகதி, சமாதானம் வந்திட்டுதெண்டு ஊர் முழுக்கக் கோயில் மணி அடிச்ச நேரம். இதைச் சொன்னால் பிள்ளையள் பேனையைக் கீழை வைச்சிடுவினம்.

அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளை இண்டைக்கு இல்லை. அவளின்ர கொப்பி என்னட்டை இருக்கு. 95 இலை வலிகாமம் முழுக்க ஒரே இரவிலை வெளிக்கிடேக்கை என்ர கைப்பைக்குள்ளை கிடந்தபடியாலை தப்பினது.

அப்பிடியொரு கேள்வியைக் கேக்க அந்தக் கல்லூரியிலை என்ர பேத்திக்கு இடம் இருக்குமோ? இதுதான் நான் அறிய விரும்புறது. அங்கை படிச்ச ஆக்கள், பிள்ளையளை விட்ட ஆக்கள் ஆரும் இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கோ. எனக்கு ஆறுதல் தேவையில்லை, விசயம்தான் தேவை.

மயிலிட்டிக் கரை

ரீச்சர், கோவிக்காதேங்கோ. எனக்கு அந்தக் கல்லூரியைப் பற்றி ஒண்டும் தெரியாது. மனசில பட்டதை மட்டும் எழுதுறன்.

நாங்கள் 1990ல ஊரை விட்டு வெளிக்கிட்டு, ஆமியிட்ட இருந்து துறைமுகத்தடி விடுபட்டது 2017ல. 27 வருசம். நான் போன நேரம் வளவுக்குள்ள எங்கட கிணத்துக்கட்டு மட்டும்தான் மிச்சம். அந்தக் கிணத்தடியில நிண்டு வளந்த எனக்கு, எந்த நாட்டுச் சீருடையாய் இருந்தாலும் எங்கட பிள்ளை ஒண்டு அதைப் போட்டுக்கொண்டு நிக்கிற படத்தை வீட்டுச் சுவரில மாட்ட மனம் வராது. இலக்கியம் படிக்க கனடாவில வேற பல்கலைக்கழகமே இல்லையோ? காசுக்காகத்தான் அங்க போறா எண்டால் சொந்தபந்தம் சேர்ந்து ஏதும் செய்யலாம். அதை ஒருக்கா மகளிட்ட மனம்விட்டுக் கேளுங்கோ. பிள்ளை தன்ர விருப்பத்தில போறா எண்டால் எனக்குச் சொல்ல ஒண்டுமில்லை. நல்லா இருக்கட்டும்.

உரும்பிராய் ஸ்காபரோ

ரீச்சர், நான் அங்கே படித்தவன், அதுவும் ஆங்கில இலக்கியம்தான். ஒன்பது வயதில் உரும்பிராயிலிருந்து வந்தேன். என் தமிழ் சனிக்கிழமைப் பள்ளித் தமிழ், பிழை இருந்தால் மன்னியுங்கள்.

முதலில் உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். ஓம், இடம் இருக்கிறது. எனக்கு அது விளங்கியது ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகம் படித்தபோது. எல்லோரும் அந்த நாடகத்தில் அரசனின் வீர உரையைத்தான் சொல்வார்கள். எங்கள் பேராசிரியர் அதை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு, அதற்கு முந்தின இரவுக் காட்சியில் இரண்டு வகுப்பு நின்றார். அரசன் மாறுவேடத்தில் பாசறைக்குள் நடக்கிறான். வில்லியம்ஸ் என்ற சாதாரணச் சிப்பாய், அரசன் என்று தெரியாமல் அவனிடமே சொல்கிறான்: இந்தப் போருக்கான காரணம் நியாயமில்லை என்றால் அரசனுக்குப் பெரிய கணக்கு இருக்கு, வெட்டுப்பட்ட காலும் கையும் தலையும் கடைசி நாளில் ஒன்றாகச் சேர்ந்து வந்து கேட்கும் என்று. அரசன் நீளமாகப் பதில் சொல்கிறான். வகுப்பில் பாதிப் பேர் அது நல்ல பதில் என்றார்கள். நான், வில்லியம்ஸ் கேட்டது போரின் நியாயத்தைப் பற்றி, அரசன் சொன்னது சிப்பாயின் பாவத்தைப் பற்றி, கேட்ட கேள்விக்குப் பதிலே வரவில்லை என்று கட்டுரை எழுதினேன். எனக்கு அந்த வருடம் கிடைத்த நல்ல புள்ளி அதற்குத்தான். அந்த வகுப்பில் இருந்த எல்லோரும் நாளைக்கு ஒருவருக்குக் கட்டளை போடப் போகிறவர்கள். வில்லியம்ஸ் கேட்ட கேள்வி அவர்களுக்கு வெறும் பாடமாக இருக்கவில்லை. அன்று சாப்பாட்டு மண்டபத்திலும் அதே வாக்குவாதம்தான்.

இன்னொன்றும் கண்டேன். ஒதெல்லோவில் இயாகோ முதல் காட்சியிலேயே குறைப்படுகிறான்: களம் காணாத கசியோவுக்குப் பதவி, எனக்கு இல்லை என்று. வெளியில் படித்த என் தங்கைக்கு அது ஒரு சாட்டு மாதிரித்தான் பட்டது. எங்கள் வகுப்பில் எல்லோரும் நிமிர்ந்து இருந்தார்கள். பதவி உயர்வு என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

பட்டம் முழுமையான பட்டம்தான், சந்தேகம் வேண்டாம். கல்லூரி 1876 இல் 18 மாணவர்களோடு தொடங்கியது. பட்டம் கொடுக்கும் அதிகாரம் 1959 இல் கிடைத்தது. பெண்களை 1980 இலிருந்து எடுக்கிறார்கள். படிப்பிக்கிறவர்களில் பெரும்பாலானோர் சீருடை இல்லாத பேராசிரியர்கள். ஆனால் பேத்தி ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: இலக்கியம் எடுத்தாலும் கணிதமும் விஞ்ஞானமும் கொஞ்சம் படித்தே ஆக வேண்டும். பொறியியல் பெடியள் ஆங்கிலம் படித்தே ஆக வேண்டும். பிரெஞ்சும் உண்டு. காலையில் அறைச் சோதனை, அணிவகுப்பு, பிறகு வகுப்பு, பின்னேரம் விளையாட்டு. வாசிக்கிறதுக்கு மிஞ்சுகிறது இரவுதான். நாவல்களைக் கோடை விடுமுறையிலேயே வாசித்து வைக்கச் சொல்லுங்கள் என்று சொல்ல நினைத்தேன், ஆனால் கோடையிலும் பயிற்சி இருக்கும். முதல் பயிற்சி கியூபெக்கில் செயின்ற் ஜோனில். அதனால் இப்பவே தொடங்கட்டும்.

கையெழுத்து வைக்க முதல் இரண்டு விசயம். படிப்புச் செலவு அவர்களுடையது, சம்பளமும் தருவார்கள், ஆனால் படிப்பித்த காலத்துக்குக் கணக்காகப் பிறகு சில வருடம் கட்டாயச் சேவை. அந்தக் கணக்கை எழுத்தில் பார்க்கட்டும். அடுத்தது, பாடம் வேறு, தொழில் வேறு. இலக்கியம் படித்தவள் கப்பலுக்கும் போகலாம், விநியோகப் பிரிவுக்கும் போகலாம், காலாட்படைக்கும் போகலாம். எந்தத் தொழிலுக்கு எடுத்திருக்கிறார்கள் என்று பேத்தியிடம் நேரே கேளுங்கள். பெண்பிள்ளை என்பதால் இதையும் சொல்கிறேன்: கனடாப் படைக்குள் பாலியல் அத்துமீறல் பற்றி முன்னாள் நீதியரசர் லூயிஸ் ஆர்பர் 2022 இல் ஒரு அறிக்கை கொடுத்தார். அதில் இராணுவக் கல்லூரிகளைப் பற்றியும் கடுமையாக எழுதியிருக்கிறார். பேத்தியும் தாயும் அந்தப் பகுதியைச் சேர்ந்திருந்து வாசித்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

ஓவனைப் பற்றிக் கேட்டீர்கள். கல்லூரி வாசலில் போரில் இறந்த பழைய மாணவர்களுக்கு ஒரு கல் வளைவு இருக்கிறது. வருகிற நாளில் ஒருமுறை அதற்குள்ளால் அணிவகுத்துப் போவோம், பட்டம் பெற்று வெளியேறும்போது இன்னொருமுறை. அதில் கவிஞர் ரூபர்ட் புரூக்கின் வரிகள் வெட்டியிருக்கிறது, இறந்தவர்களுக்காக ஊதுங்கள் ஊதுகொம்புகளே, அவர்களுடைய சாவு எங்களுக்குப் பொன்னிலும் அரிய கொடைகளைத் தந்தது என்ற மாதிரி. புரூக் 1915 ஏப்ரலில், கலிப்பொலிக்குப் போகும் வழியில், நுளம்பு கடித்த புண் விஷமாகி இறந்தவர். ஓவன் கண்ட பதுங்குகுழிச் சேற்றை அவர் காணவில்லை. எங்கள் வகுப்பை ஒரு நவம்பர் மாதம் அந்த வளைவுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்கள். ஏரிக் காற்றில் காது விறைத்தது. ஒருத்தன் கல்லில் இருந்ததை வாசித்தான். பிறகு ஒருத்தி கையிலிருந்த தாளில் ஓவனை வாசித்தாள், நீங்கள் சொன்ன அதே கவிதை. பேராசிரியர் ஒன்றும் விளக்கவில்லை, திரும்பி நடந்தோம். எது சரி என்று எனக்கு அன்று தெரியவில்லை. இரண்டையும் பாடமாக்கி வைத்திருக்கிறேன்.

ஆலடி மாணவி

ரீச்சர், நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில ஆங்கிலம் படிக்கிறன். உங்கட பென்சில் கேள்வியை வாசிச்சிட்டு அந்தக் கவிதையைத் திரும்ப எடுத்துப் பாத்தன். இவ்வளவு நாளும் அந்தப் பச்சை நிறம் புகையின்ர நிறம் எண்டு மட்டும் நினைச்சுக்கொண்டு இருந்திட்டன்.

எனக்கு ஒரு விசயம் சொல்லோணும். இராணுவத்துக்கு இலக்கியம் எதுக்கெண்டு என்னட்டயும் கேட்டிருக்கினம். நான் பலக்லாவாச் சண்டையைத்தான் சொல்லுவன். 1854 ஒக்டோபர் 25. மேட்டில நிக்கிற தளபதி ஒரு துண்டில கட்டளை எழுதுவிச்சு அனுப்புறார், பீரங்கியளைக் கொண்டுபோக விடாதேங்கோ எண்டு. எந்தப் பீரங்கி எண்டு எழுதேல்ல. அவருக்கு மேல இருந்து தெரியிற பீரங்கி, பள்ளத்தாக்கில நிக்கிற குதிரைப்படைக்குத் தெரியாது. எந்தப் பீரங்கி எண்டு கேக்க, துண்டைக் கொண்டுவந்தவர் கையை விசுக்கி "அந்தா" எண்டாராம். அறுநூறுக்கு மேல ஆக்கள் பிழையான பக்கம் போனவை. டெனிசன் அதைப் பாட்டாக்கினார், ஏன் எண்டு கேக்கிறது அவையின்ர வேலையில்லை எண்டு. அந்தத் துண்டை ஒரு கவிதையை வாசிக்கிற மாதிரி ஒருத்தர் நிறுத்தி வாசிச்சிருந்தால், "பீரங்கி" எண்ட சொல்லில விரலை வைச்சு "எது?" எண்டு கேட்டிருப்பினம்.

பேத்திக்கு இங்கிலீசோட புறநானூறும் குடுத்து விடுங்கோ. காவற்பெண்டு பாட்டில, தூணைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு உன்ர மகன் எங்க எண்டு கேக்கிற ஆளிட்ட ஒரு தாய், புலி கிடந்திட்டுப் போன குகை இந்த வயிறு, அவனைப் போர்க்களத்தில போய்ப் பாருங்கோ எண்டு சொல்லுறா. அதை எல்லாரும் பெருமையாச் சொல்லுவினம். ஆனா அதோட பாரி மகளிரையும் வையுங்கோ. போன மாசம் இதே நிலவில அப்பாவும் இருந்தார், மலையும் எங்கட, இந்த மாசம் ரண்டும் இல்லை. வெண்டவை ஒருத்தரும் பாடாத பாட்டு அது. ஒரு அதிகாரி ரண்டையும் வாசிச்சிருக்கோணும்.

கோண்டாவில் ரீச்சர்

எல்லாருக்கும் நன்றி. ராத்திரி மூண்டு தரம் வாசிச்சன்.

மயிலிட்டித் தம்பி, நான் கோவிக்கேல்லை. உங்கட கிணத்தடியை நினைச்சன். மகளிட்டையும் கேட்டன், காசுக்காக இல்லையாம். படம் மாட்டுறதைப் பற்றி எனக்கும் இன்னும் முடிவு வரேல்லை.

உரும்பிராய்த் தம்பி, உங்கட தமிழிலை ஒரு பிழையும் இல்லை ராசா. நேற்றே அவளிட்டை எந்தத் தொழில் எண்டு கேட்டன். விநியோகப் பிரிவாம். அந்த அறிக்கையைத் தாயும் அவளும் வாசிக்கத் தொடங்கியிருக்கினம். வில்லியம்ஸின்ர காட்சியை நான் படிப்பிச்ச காலத்திலை கெதியாத் தாண்டிப் போனனான். அது என்ர பிழை.

பிள்ளை, நீ எழுதின டெனிசன் வரியை வாசிக்க எனக்கு ஒண்டு நினைவு வந்தது. 2007, யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதை பூட்டிக்கிடந்த நேரம். தாள் கிடைக்காமல் பிள்ளையள் பழைய கணக்குத் தாளின்ர பின்பக்கத்திலை கட்டுரை எழுதித் தருவினம். நான் திருத்தின கட்டோடை சைக்கிளிலை வரேக்கை சந்தியிலை ஆமிக்காரர் மறிச்சிட்டினம். பையைத் தலைகீழாக் கொட்ட, தாளெல்லாம் மணலிலை. கொட்டினவன் சின்னப் பெடியன், என்ர வகுப்புப் பிள்ளையளிலும் ரண்டு மூண்டு வயசுதான் கூட இருக்கும். துவக்கை முதுகுப்பக்கம் தள்ளிப்போட்டுக் குந்தியிருந்து தானே பொறுக்கினான். ஓரத்திலை இருந்த இலக்கத்தைப் பாத்து ஒண்டு, ரண்டு, மூண்டு எண்டு ஒழுங்காக அடுக்கினான். மேல்தாளிலை நான் சிவப்பு மையாலை ஆங்கிலத்திலை "ஏன்?" எண்டு எழுதியிருந்தன். அதிலை விரலை வைச்சு "வை" எண்டு வாசிச்சான். பிறகு என்னை நிமிர்ந்து பாத்தான். "எக்ஸாம்?" எண்டான். ஓம் எண்டு தலையாட்டினன். கட்டைத் தந்திட்டுப் போ எண்டு கையைக் காட்டினான்.

பையைக் கொட்டினவனும் அவன்தான், அடுக்கித் தந்தவனும் அவன்தான். இத்தினை வருசமா இதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. அவனுக்கு ஆரும் ஒரு கவிதையை முழுசா வாசிக்கக் குடுத்திருப்பினமோ எண்டு இடைக்கிடை யோசிக்கிறனான்.

பேத்தி போகட்டும். புறநானூறு வேண்டி வைச்சிட்டன். அதோடை அந்தச் சீஆர் கொப்பியையும் அனுப்பப் போறன். பென்சில் கேள்வி 14 ஆம் பக்கத்திலை இருக்கு. தபாலிலை போட எனக்குப் பயமாக் கிடக்கு. கொரியரிலை போட்டால் பத்திரமாப் போய்ச் சேருமோ?

உரும்பிராய் ஸ்காபரோ

கொரியர் வேண்டாம் ரீச்சர். ஓகஸ்ட்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். தேர் முடிந்த அடுத்த நாள் கோண்டாவிலுக்கு வந்து வாங்குகிறேன். இலையுதிர் காலத்தில் பழைய மாணவர் ஒன்றுகூடலுக்குக் கிங்ஸ்ரன் போவேன், பேத்தியின் கையிலேயே கொடுத்துவிடுவேன்.

கோண்டாவில் ரீச்சர்

வாங்கோ தம்பி. சாப்பாட்டுக்கு நில்லுங்கோ. கொப்பியைப் பெட்டிக்குள்ளை போட வேண்டாம், கைப்பையிலை வைச்சுக் கொண்டுபோங்கோ. எண்ணெய் ஊறின தாள், மடிஞ்சால் வெடிச்சுப்போடும்.